செட்டிநாட்டின் மார்கழி, தை மாதக் கலை நிகழ்வுகள்

செட்டிநாட்டின் மார்கழி, தை மாதக் கலை நிகழ்வுகள் என்பவை தமிழ்நாட்டின் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள செட்டிநாட்டுப் பகுதியில், கார்த்திகைத் தீபத்தை அடுத்துத் தொடங்கித் தைப்பூசம் கடந்தும் நடைபெறும் பாடல், இசை, நாடகம், வழிபாடு சார்ந்த நிகழ்வுகள் ஆகும். பிள்ளையார் நோன்பு, பாவைப் பாடல்கள், பொங்கல், செவ்வாய்ப் பொங்கல், மஞ்சுவிரட்டு, பழனி நடைப்பயணம், இரவு முழுவதும் நடக்கும் இசை நாடகம் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. சென்னையின் டிசம்பர் இசைவிழாவைப் போல இவற்றுக்கு ஒரே மேடையோ, ஒரே அமைப்பாளரோ, அச்சிட்ட நிகழ்ச்சி நிரலோ இல்லை. ஊர், கோயில், குலம், தொழில் என்று வெவ்வேறு அடிப்படைகளில் தனித்தனியே நடக்கும் இந்நிகழ்வுகளை இணைப்பது பருவகாலம் ஒன்றே.

இடமும் காலமும்

செட்டிநாடு ஓர் அரசு நிர்வாகப் பிரிவு அன்று. நாட்டுக்கோட்டை நகரத்தார் குடியேறிய ஊர்களின் தொகுதியே இப்பெயரால் அழைக்கப்படுகிறது. முன்னர் 96 ஊர்கள் இருந்ததாகக் கூறுவர். இன்று எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் உள்ளன. 2024 இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்ட காரைக்குடி இவற்றுள் பெரியது. தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர், புதுவயல், கண்டனூர், நாட்டரசன்கோட்டை ஆகியவை பிற முக்கிய ஊர்கள்.

இப்பகுதியில் பெரிய ஆற்றுப் பாசனம் இல்லை. வடகிழக்குப் பருவமழையைக் கண்மாய்களில் தேக்கி ஒரு போகம் நெல் விளைவிப்பதே பெரும்பாலான சிற்றூர்களின் வழக்கம். மார்கழி நடுவில் மழை ஓய்ந்துவிடும். தை மாதத்தில் அறுவடை நடக்கும். திறந்த வெளியில் மேடையிட்டு விடிய விடியக் கூத்துப் பார்ப்பதற்கு வேண்டிய இரண்டு வசதிகளும், அதாவது மழையற்ற இரவும் கையில் சிறிது பணமும், ஒரே நேரத்தில் அமைவது இப்பருவத்தில்தான்.

மார்கழியில் திருமணம் போன்ற மங்கல நிகழ்ச்சிகளை நடத்துவதில்லை. ஆகவே அம்மாதத்தின் இசை கோயிலையும் வீட்டையும் சார்ந்தது. தை பிறந்ததும் நிலைமை மாறுகிறது. திருமணங்கள் தொடங்குகின்றன, நாதசுவரக் கலைஞர்களுக்கும் நாடகக் கலைஞர்களுக்கும் நாள் குறிக்கப்படுகிறது. ஒரு கலைஞரின் ஆண்டு வருவாய்க் கணக்கு தை முதல் நாளில் தொடங்குகிறது எனலாம்.

செட்டிநாட்டுக் கலை என்றால் நகரத்தார் கலை என்று பொருள்கொள்வோர் பலர். இது பாதி உண்மையே. புரவலர்களுள் பெரும்பாலோர் நகரத்தார். ஆனால் பாடியவர்களும் ஆடியவர்களும் வாசித்தவர்களும் பந்தலிட்டவர்களும் வேறு பல சமூகத்தினர்.

மார்கழி

பிள்ளையார் நோன்பு

நகரத்தார்க்கே உரிய நோன்புகளுள் முதன்மையானது பிள்ளையார் நோன்பு. கார்த்திகைத் தீபத்திற்கு மறுநாள் தொடங்கி 21 நாள் கணக்கிடப்படுகிறது. மார்கழியில் சட்டித் திதியும் சதய விண்மீனும் கூடும் நாளில் நோன்பு நிறைவுறும். புது வேட்டியிலிருந்து எடுத்த 21 நூலிழைகளைத் திரித்துத் திரியாக்கி, இனிப்புக் கலந்த மாவில் வைத்து ஏற்றுவர். குடும்பத்தில் மூத்தவர் ஒவ்வொருவருக்கும் அதைக் கொடுக்க, பெறுபவர் எரியும் சுடருடன் அப்படியே வாயிலிட்டு விழுங்குவார். இதற்கு ‘இழை எடுத்தல்’ என்று பெயர். விநாயகர் அகவல் முதலிய பாடல்களும் அன்று பாடப்படுகின்றன.

கடல் வணிகத்திற்குச் சென்ற முன்னோர் திசை தெரியாது தவித்தபோது பிள்ளையாரை வேண்டி இந்நோன்பை நோற்றனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. இதற்கு எழுத்துச் சான்று தேடுவதைக் காட்டிலும், இடம் பெயர்ந்து வாழும் குடியினர் எதைத் தம்முடன் எடுத்துச் சென்றனர் என்று காண்பது பயனுடையது. தேர், தெப்பம், கோபுரம் எதுவும் இந்நோன்புக்குத் தேவையில்லை. நூலும் மாவும் நெய்யும் இருந்தால் போதும். கோலாலம்பூர், சிங்கப்பூர், அமெரிக்க நகரங்கள் ஆகியவற்றில் வாழும் நகரத்தார் இன்றும் கூடி இழை எடுப்பதற்கு இந்த எளிமையும் ஒரு காரணமாகும்.

பாவைப் பாடல்களும் அரியக்குடியும்

மார்கழி முப்பது நாளும் விடியற்காலையில் சிவன் கோயில்களில் திருவெம்பாவையும் பெருமாள் கோயில்களில் திருப்பாவையும் பாடுவது தமிழகம் முழுவதற்கும் பொது. செட்டிநாட்டுக்கு இதில் தனித்த ஒரு பங்கு உண்டு. காரைக்குடியை அடுத்த அரியக்குடியில் ‘தென் திருப்பதி’ எனப்படும் திருவேங்கடமுடையான் கோயில் உள்ளது. அவ்வூரில் பிறந்தவர் அரியக்குடி இராமானுச ஐயங்கார் (1890–1967). திருப்பாவையின் முப்பது பாசுரங்களுக்கும் இராகம் அமைத்து அவற்றைக் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்தவர் அவர். பின்னர் அவருடைய மெட்டுகளில் எம். எல். வசந்தகுமாரி பாடிய பாடல்கள் இசைத்தட்டு வழியே பரவின. இன்று மார்கழிக் காலையில் ஒலிபெருக்கியில் கேட்கும் திருப்பாவையின் மெட்டுகளுள் பல இவ்வழி வந்தவையே.

இன்றைய கருநாடக இசைக் கச்சேரியின் அமைப்பு முறையும் அரியக்குடியின் பெயராலேயே அறியப்படுகிறது. வருணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான சிறு கீர்த்தனைகள் சிலவற்றைப் பாடி, நடுவில் ஒரு பெரிய உருப்படியையும் தனி ஆவர்த்தனத்தையும் வைத்து, இறுதியில் எளிய துக்கடாக்களால் முடிக்கும் முறை அது. அதற்கு முந்தைய கச்சேரிகளில் நீண்ட இராக ஆலாபனையும் பல்லவியுமே பெரும்பொழுதை எடுத்துக்கொண்டன. பயிற்சி இல்லாத கேட்போரும் இருக்கையில் அமர்ந்திருக்கும்படி செய்தது புதிய முறை. அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகள் பழைய மெட்டுகளை இழந்திருந்த நிலையில், அவற்றுட் சிலவற்றுக்குப் புதிய மெட்டமைத்து மேடையில் நிலைநாட்டியதும் அவரே.

தை

பொங்கலுக்குப் பின் வரும் முதல் செவ்வாய்க்கிழமை நாட்டரசன்கோட்டை கண்ணுடைய நாயகி அம்மன் கோயில் முன் நகரத்தார் ஒன்றுகூடிப் பொங்கலிடுவது செவ்வாய்ப் பொங்கல் ஆகும். திருமணமான ஆண் ஒருவரைக் குடும்பத் தலைவராகக் கொண்டு ‘ஒரு புள்ளி’ என எண்ணுவது நகரத்தார் கணக்கு. புள்ளிகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்து முதற் பானை யாருடையது என்று முடிவு செய்வர். வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இருப்போர் ஊர் திரும்பும் நாள் இது. திருமணப் பேச்சுகள் தொடங்குவதும் உண்டு.

திருப்பத்தூருக்கு அருகிலுள்ள சிராவயலில் தை மூன்றாம் நாள் மஞ்சுவிரட்டு நடைபெறும். வாடிவாசல் வழியே ஒவ்வொரு மாடாக விடும் சல்லிக்கட்டைப் போலன்றி, மஞ்சுவிரட்டில் திறந்த பொட்டலில் மாடுகள் அவிழ்த்து விடப்படுகின்றன. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் விதித்த தடையும், 2017 சனவரியில் மெரீனாவில் தொடங்கிய போராட்டமும், அதன்பின் வந்த மாநிலச் சட்டத் திருத்தமும், அதனை உச்ச நீதிமன்றம் 2023 மே மாதத்தில் ஏற்றதும் சிராவயலுக்கும் பொருந்துவன. (பொதுவுடைமைத் தலைவர் ப. சீவானந்தம் இளமையில் ஆசிரமம் நடத்தியதும், 1927 இல் காந்தியடிகள் அவரைச் சந்தித்ததும் இதே ஊரில்தான்.)

பழனி நடைப்பயணம்

தைப்பூசத்தையொட்டி நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடி, அங்கிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடந்து செல்கின்றன. தொலைவு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். நெற்குப்பையைச் சேர்ந்த குமரப்பன் என்ற வணிகர் பழனிப் பக்கம் உப்பு வணிகத்திற்குச் சென்றபோது இவ்வழிபாட்டைத் தொடங்கினார் என்பது மரபு வழிச் செய்தி. இவர்கள் எடுப்பது பெரும்பாலும் சர்க்கரைக் காவடி. வழிபாடு முடிந்தபின் காவடிகள் நடந்தே ஊர் திரும்புவது இப்பயணத்தின் தனித்தன்மை. பழனிக்கு நடந்து செல்லும் பிற குழுவினர் பெரும்பாலும் பேருந்தில் திரும்பிவிடுகின்றனர்.

நடக்கும்போது பாடும் பாட்டுகளே இங்கு நமக்கு முக்கியம். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர் திருப்பிச் சொல்லும் முறையில் வழிநடைப் பாடல்கள் பாடப்படுகின்றன. நடையின் தாளமே பாட்டின் தாளம். சிந்து என்னும் பாவகையின் இயல்பு இதற்கு மிகவும் ஏற்றது. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து 19ஆம் நூற்றாண்டில் கழுகுமலை முருகன்மீது பாடப்பட்டதாயினும், அதன் மெட்டுகள் எல்லா முருகன் பாதைகளிலும் புகுந்துவிட்டன. ஏட்டில் ஏறாத வழிநடைப் பாடல்கள் இன்னும் பல உள்ளன. பாடத் தெரிந்த முதியவர் நடக்க இயலாமல் போகும் ஆண்டில் அவருடைய பாட்டும் நின்றுவிடுகிறது.

வணிகத்திற்காகக் கடல் கடந்த நகரத்தார் இவ்விழாவையும் கொண்டு சென்றனர். சிங்கப்பூர் தேங்க் சாலையிலுள்ள தெண்டாயுதபாணி கோயில் 1859 இல் அமைந்தது. தைப்பூசத்துக்கு முதல் நாள் அங்கு நகரத்தார் காவடி எடுப்பதைச் ‘செட்டிப் பூசம்’ என்பர். பினாங்கில் தைப்பூசத்திற்கு இழுக்கப்படும் நகரத்தாரின் வெள்ளித் தேர் 1894 இல் கொண்டு செல்லப்பட்டது.

இசை நாடகம்

தை முதல் ஆடி வரையிலான கோயில் விழாக்களில் இரவு நிகழ்ச்சியாக இடம்பெறுவது இசை நாடகம். மக்கள் வழக்கில் இது ‘ஸ்பெஷல் நாடகம்’ எனப்படுகிறது. ஒரு குழுவாகச் சேர்ந்து ஒத்திகை பார்த்து ஊர் ஊராகச் செல்லும் ‘கம்பெனி நாடக’ முறையிலிருந்து வேறுபடுத்தவே இப்பெயர். ஸ்பெஷல் நாடகத்தில் ஒவ்வொரு நடிகரும் தனித்தனியே அமர்த்தப்படுகிறார். இராசபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூன் மற்றோர் ஊரிலிருந்தும் வரலாம். மேடைக்குப் பின்னால் முகத்துக்குப் பூச்சுப் போடும் நேரத்தில்தான் அன்றைய நடிகர்கள் ஒருவரையொருவர் சந்திப்பதும் உண்டு. ஒத்திகை கிடையாது.

இது எவ்வாறு இயலும் என்னும் வினாவுக்கு விடை சங்கரதாசு சுவாமிகள் (1867–1922). வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள் முதலிய நாடகங்களின் பாடல்களையும் உரையாடல்களையும் அவர் வரையறுத்துத் தந்தார். 1918 இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களைப் பயிற்றுவித்தார்; டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கிருந்து வந்தவர்கள். அனைவருக்கும் பொதுவான பாடம் இருப்பதால், முன்பின் அறியாத இருவரும் மேடையில் நின்று ஒரே கதையை நடத்த முடிகிறது. பொறியியலில் தர அளவுகள் ஒத்திருப்பதால் வெவ்வேறு பட்டறையில் செய்த மரையும் திருகாணியும் பொருந்துவது போன்றது இது. ஆனால் பாடம் எலும்புக்கூடு மட்டுமே. அதன்மேல் அந்தந்த இரவில் நடிகர்கள் சேர்ப்பதே நாடகம்.

நாடகம் இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கும். மேடை பெரும்பாலும் கோயிலை நோக்கி அமைந்திருக்கும். சாமியும் பார்க்க வேண்டும் என்பது கருத்து. மேடையின் ஒரு பக்கத்தில் கால் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக் உள்ளிட்ட தாளக்கருவிகள், கைத்தாளம் ஆகியவற்றுடன் பக்கவாத்தியக்காரர்கள் அமர்வர். ஆர்மோனியக் கலைஞர் பின்பாட்டும் பாடுவார். ஒத்திகையற்ற இந்நாடகத்தில் உண்மையான இயக்குநர் அவரே. முதலில் கடவுள் வாழ்த்து, பிறகு பபூன் வருகை. பபூன் தனியே பாடிச் சிரிக்க வைத்தபின் நடனப் பெண்ணுடன் நகைச்சுவை உரையாடல் நடக்கும். நள்ளிரவை ஒட்டியே கதை தொடங்கும்.

செட்டிநாட்டுப் பகுதியில் பெரிதும் நடத்தப்படுவது வள்ளி திருமணம். முருகன் கதையாகவும் திருமணத்தில் முடிவதாகவும் இருப்பதால் அது மங்கலமானது. மழை வரும், ஊர் செழிக்கும் என்ற நம்பிக்கையும் உண்டு. இந்நாடகத்தின் உயிர்நிலை தர்க்கம். தினைப்புனம் காக்கும் வள்ளியுடன் முதலில் நாரதரும், பின்னர் வேடனாக வரும் முருகனும் வாதிடுவர். புராணம், இலக்கணம், உலகியல் என்று எதைப் பற்றியும் கேள்வி எழலாம். விடை தெரியாத நடிகை பாட்டால் தப்பிக்கலாம். ஆனால் கூட்டம் அதைக் கவனித்துவிடும். தர்க்கத்தில் வல்லவர் என்று பெயர் பெற்ற நடிகருக்குக் கூட்டம் வேறு. கேட்கும் தொகையும் வேறு. விடியும் நேரத்தில் திருமணத்துடன் நாடகம் நிறைவுறும்.

மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி உள்ளிட்ட ஊர்களில் நாடக நடிகர் சங்கங்கள் உள்ளன. நடிகர்களுக்குத் தேதி பேசுவது, வராதவர் மீதும் ஒப்பந்தம் மீறுபவர் மீதும் நடவடிக்கை எடுப்பது, இறந்தவர் குடும்பத்துக்கு உதவுவது ஆகியவை இச்சங்கங்களின் பணிகளுட் சில.

பெண் கலைஞர்கள்

கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் இணைந்து நடித்த 1920களில் ஸ்பெஷல் நாடகம் பெரும் புகழுடன் விளங்கியது. ஆயினும் மேடையில் வள்ளியாக வணங்கப்படும் பெண்ணுக்கு மேடைக்கு வெளியே வாடகைக்கு வீடு கிடைப்பதே கடினம் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. மதுரைப் பகுதி நாடகக் கலைஞர்களிடையே களப்பணி செய்த அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் 2005 இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக எழுதியுள்ளார். நாடகத்துக்குச் செல்லும் வழியில் பிறர் கண்ணில் படாதிருக்க நடிகைகள் மேற்கொள்ளும் ஏற்பாடுகள், அவர்களுடைய மதிப்புக் குறித்த கவலையைக் காட்டுவதாக அவர் கருதுகிறார்.

இப்பகுதி மேடையிலிருந்து வந்து பெரும்புகழ் பெற்றவர் மனோரமா (1937–2015). மன்னார்குடியில் பிறந்த கோபிசாந்தா, தாயுடன் பள்ளத்தூரில் குடியேறி அங்கு நடந்த நாடகங்களில் சிறுமியாகப் பாடி நடிக்கத் தொடங்கினார். ‘பள்ளத்தூர் பாப்பா’ என அழைக்கப்பட்டார். மனோரமா என்ற பெயர் நாடக மேடையில் சூட்டப்பட்டது. 1958 இல் வெளிவந்த மாலையிட்ட மங்கை படத்தில் அவரை அறிமுகம் செய்த கண்ணதாசன், காரைக்குடிக்கு அருகிலுள்ள சிறுகூடல்பட்டியில் பிறந்தவர்.

நாடகக் கொட்டகையிலிருந்து திரைப்படத்திற்கு

காரைக்குடியில் பிறந்த ஏ. வி. மெய்யப்பன் (1907–1979) தயாரித்த ஸ்ரீவள்ளி (1945) வள்ளி திருமணக் கதையே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னையில் தொழில் நடத்துவது கடினமானபோது, அவர் காரைக்குடியில் தேவகோட்டை ரஸ்தாவில் நாடகக் கொட்டகை இருந்த இடத்தை வாடகைக்கு எடுத்துக் கீற்றுக் கொட்டகைகளில் படப்பிடிப்பு நிலையம் அமைத்தார். ப. நீலகண்டன் எழுதிய மேடை நாடகத்தைத் தழுவிய நாம் இருவர் அங்கு எடுக்கப்பட்டு 1947 பொங்கலையொட்டி வெளியாயிற்று. விடுதலைக்கு ஏழு மாதங்களுக்கு முன் வந்த அப்படத்தில் பாரதியார் பாடல்களை டி. கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா நடனமாடினார். பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை அப்போது மெய்யப்பனிடம் இருந்தது. 1948 இல் நிலையம் சென்னைக் கோடம்பாக்கத்துக்கு மாறியது. அது காரைக்குடியிலேயே தொடர்ந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்று உள்ளூரில் இன்றும் பேசுவதுண்டு.

காரைக்குடியின் இசைக் கலைஞர்கள்

சுப்பராம ஐயர் (1883–1936), சாம்பசிவ ஐயர் (1888–1958) ஆகிய இருவரும் ‘காரைக்குடி சகோதரர்கள்’ எனப் பெயர் பெற்ற வீணைக் கலைஞர்கள். மூத்தவர் வீணையைச் செங்குத்தாக நிறுத்தியும் இளையவர் வழக்கம்போல் மடியில் கிடத்தியும் இணைந்து வாசித்தனர். தானம் வாசிப்பதில் இவ்வழியினர் தனிச்சிறப்புடையவர்கள். புதுக்கோட்டைப் பகுதியிலிருந்து காரைக்குடிக்கு வந்து வாழ்ந்த இவர்கள், அவ்வூர்ப் பெயராலேயே ஒரு வாசிப்பு மரபு நிலைபெறக் காரணமாயினர். சாம்பசிவ ஐயருக்குச் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது வழங்கப்பட்டது. இறுதிக் காலத்தில் சென்னைக் கலாசேத்திராவில் கற்பித்தார். அவருடைய மாணவியருள் இரங்கநாயகி இராசகோபாலன், இராசேசுவரி பத்மநாபன் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள்.

வயலின் கலைஞர் குன்னக்குடி வைத்தியநாதன் (1935–2008) குன்றக்குடியிலும், மிருதங்கக் கலைஞர் காரைக்குடி மணி (1945–2023) காரைக்குடியிலும் பிறந்தவர்கள். தை மாதத்தை ஒட்டித் திருவையாற்றில் நடக்கும் தியாகராசர் ஆராதனை விழாவின் செயலாளராகக் குன்னக்குடி நெடுங்காலம் பணியாற்றினார்.

இவர்கள் அனைவரும் ஊர்ப்பெயரை முன்னொட்டாகக் கொண்டிருந்தும், மார்கழியில் இவர்களைக் கேட்க வேண்டுமானால் சென்னைக்குத்தான் செல்ல வேண்டியிருந்தது. 1927 காங்கிரசு மாநாட்டின்போது நடந்த இசை மாநாட்டைத் தொடர்ந்து 1928 இல் மியூசிக் அகாதெமி தோன்றியது. அதன்பின் டிசம்பர் மாதம் சென்னைக்கு உரியதாகிவிட்டது. செட்டிநாட்டில் இவர்கள் வாசித்தவை பெரும்பாலும் தை முதல் நடக்கும் திருமணக் கச்சேரிகளும் கோயில் கச்சேரிகளுமாகும்.

புரவலர்களும் தமிழிசையும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் நகரத்தார் நடத்திய கொடுக்கல் வாங்கல் தொழிலே செட்டிநாட்டின் பெரிய வீடுகளுக்கும் கோயில் திருப்பணிகளுக்கும் கலை ஆதரவுக்கும் அடிப்படை. 1930களின் பொருளாதார மந்தம், 1942 இல் பர்மா மீது நடந்த சப்பானியப் படையெடுப்பு, பர்மா விடுதலைக்குப் பின் வந்த நில உடைமைச் சட்டங்கள் ஆகியவை அத்தொழிலைச் சிதைத்தன. பல நாள் நடந்த திருமணங்கள் சுருங்கின. கச்சேரிகளும் அவற்றுடன் சுருங்கின.

சரிவு தொடங்கிய இக்காலத்தில்தான் செட்டிநாட்டின் பெரிய இசைப் பணி நிகழ்ந்தது என்பது கவனத்திற்குரியது. கானாடுகாத்தானைச் சேர்ந்த இராசா சர் அண்ணாமலைச் செட்டியார் (1881–1948), தமிழ்நாட்டுக் கச்சேரிகளில் தெலுங்கு, வடமொழிப் பாடல்களே மிகுந்திருப்பதை மாற்ற விரும்பினார். 1941 ஆகத்தில் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. தொடர்ந்து தேவகோட்டை உள்ளிட்ட ஊர்களிலும் மாநாடுகள் நடந்தன. இசைக்கு மொழி இல்லை என்று ஒரு சாராரும், கேட்பவருக்கு மொழி உண்டு என்று மறு சாராரும் வாதிட்டனர். கல்கி, இராசாசி, டி. கே. சி. ஆகியோர் தமிழிசையை ஆதரித்தனர். 1943 இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் நிறுவப்பட்டு, டிசம்பர் மாதத்திலேயே அதன் ஆண்டு விழாவும் தொடங்கியது. சென்னை டிசம்பர் விழாவில் பண்ணும் தேவாரமும் தமிழ்க் கீர்த்தனையும் பெற்றுள்ள இடத்திற்கு இம்முயற்சி ஒரு முக்கிய காரணம்.

காரைக்குடியில் ‘கம்பன் அடிப்பொடி’ சா. கணேசன் (1908–1982) 1939 இல் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழா பங்குனியில் நடப்பதால் இக்கட்டுரையின் எல்லைக்குச் சற்று வெளியே நிற்கிறது. எனினும் நேரந்தவறாமைக்குப் பெயர்பெற்ற அம்மேடை வளர்த்த பட்டிமண்டபம், குன்றக்குடி அடிகளார் (1925–1995) போன்ற நடுவர்களால் பரவி, இன்று பொங்கல் நாளில் ஒவ்வொரு தொலைக்காட்சியிலும் இடம்பெறும் நிகழ்ச்சியாகிவிட்டது. வள்ளியும் நாரதரும் நள்ளிரவில் செய்த தர்க்கத்தின் கற்றோர் வடிவம் என்று இதனைக் கூறலாம்.

இன்றைய நிலை

நோன்பும் செவ்வாய்ப் பொங்கலும் பழனி நடைப்பயணமும் குறைவின்றித் தொடர்கின்றன; நடந்து செல்வோர் தொகை பெருகியே வருகிறது. இடர்ப்பட்டிருப்பது இசை நாடகம். தொலைக்காட்சியை மட்டும் காரணமாகக் கூறுவது போதாது. 2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைப் பொதுவாகத் தடை செய்கின்றன. ஆண்டில் சில நாள்களுக்கு நள்ளிரவு வரை மாநில அரசு விலக்கு அளிக்கலாம். இரவு பத்துக்குத் தொடங்கி விடியலில் முடியும் கலைக்கு இவ்விதி நேர் எதிரானது. காவல் துறை இசைவு கிடைக்காத விழாக் குழுவினர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையை நாடுவது வழக்கமாகிவிட்டது. இசைவு கிடைத்தாலும் நேரம் குறைக்கப்படும்போது முதலில் வெட்டப்படுவது தர்க்கமே. பபூன் பகுதி நிற்கிறது. திரைப்பாடல்களுக்கு ஆடும் ‘ஆடல் பாடல்’ நிகழ்ச்சிகள் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடுவதால் பல ஊர்கள் அவற்றுக்கு மாறியுள்ளன. 2020 மார்ச்சில் பெருந்தொற்று ஊரடங்கு வந்தது நாடகப் பருவத்தின் நடுவில். அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் பங்குனி, சித்திரை மாத வருவாயைக் கலைஞர்கள் இழந்தனர்.

செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெசுக்கோவின் உலக மரபுரிமைத் தற்காலிகப் பட்டியலில் உள்ளன. அது பெரும்பாலும் கட்டடக் கலையைப் பற்றியது. மேடைக் கலையின் தடயங்களைத் தேடுவோர்க்குப் பயன்படுவது வேறு ஒரு தொகுப்பு. கோட்டையூரைச் சேர்ந்த விளம்பரப் பலகை ஓவியர் ரோசா முத்தையா, பழைய நூல்களுடன் மற்றவர்கள் குப்பை என்று கழித்த நாடக அறிவிப்புகள், பாட்டுப் புத்தகங்கள், திருமண அழைப்பிதழ்கள் ஆகியவற்றையும் தம் வீட்டில் சேர்த்து வைத்தார். 1992 இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பைப் பெற்றது. 1994 முதல் சென்னையில் ரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அது இயங்குகிறது. எந்த ஊரில், எந்த இரவில், யார் இராசபார்ட், யார் ஸ்திரீபார்ட், தரை டிக்கெட் எவ்வளவு என்பன போன்ற செய்திகளை அந்த அறிவிப்புத் தாள்களில் காணலாம். மேடையில் அன்று பேசப்பட்ட தர்க்கம் அவற்றில் இல்லை.